மாட்டுக் குறி வைத்த பம்பு

அக்காவுக்குக் கார் ஓடத் தெரியாது. ஸ்டியரிங்கைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் மருதனார்மடச் சந்தியில் வாடகைக்கு நின்ற ஐந்தாறு கார்களில் ஒன்று அவருடையது. அதன் இஞ்சினில் எந்த நட்டு எங்கே இருக்கிறது, கடைசியாக அதை எப்போது கழற்றினார்கள், கழற்றியவர் அப்போது யாரோடு கதைத்துக்கொண்டு நின்றார் என்பதுவரை அவருக்குத் தெரியும். கார் வைத்திருந்த எங்களைப் போன்ற கனவான்களுக்கு இஞ்சினைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது முன்பக்கத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான்.

நான் அவரை முதலில் கண்டது கார் திருத்துகிற கராச்சில். ஒரு காரின் பொனற்றைத் திறந்து வைத்து இரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நாலடி தள்ளி ஒரு கதிரையில், மடியில் வெற்றிலைப் பெட்டியும் கையில் பாக்குவெட்டியுமாக ஒரு அம்மா இருந்தார். கதிரை கராச்சினுடையதல்ல. வீட்டிலிருந்து காரின் பின் சீற்றில் ஏற்றி வந்தது. இஞ்சின் திறந்தால் கதிரை இறங்கும், இஞ்சின் மூடின பிறகுதான் கதிரை ஏறும். மத்தியானச் சாப்பாடு தூக்குச்சட்டியில் அங்கேயே வந்துவிடும்.

"அக்கா, நீங்கள் வீட்டை போங்கோவன். பின்னேரம் கார் உங்கடை படலையிலை நிக்கும்" என்றார் கராச் முதலாளி.

"கார் நிக்கும். காருக்குள்ளை என்ன நிக்கும் எண்டு நான் பாக்க வேண்டாமே?"

இந்த முதலாளியை ஊரில் எல்லோரும் 'இன்ஜினியர்' என்றே கூப்பிட்டார்கள். எங்கே படித்தார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டு அவர் மனம் நொந்துபோனால் காரை எங்கே கொண்டுபோவது? கச்சேரியில் அரசாங்க அதிபருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று கதைக்கிற கிளாக்கரான நானே, இன்ஜினியருக்கு முன்னால் கொஞ்சம் கூனித்தான் நிற்பேன். கார்க்காரன் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான், உண்மையைச் சொல்லுகிறவனாயிருந்தால்.

எனக்கும் அக்காவுக்கும் இருந்தது ஒரே இனக் கார். இங்கிலீசுக்காரன் ஐம்பதுகளில் செய்து கப்பலில் அனுப்பியது. கம்பனியின் பெயரைச் சொல்லமாட்டேன். அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பார்கள், தங்கள் நாட்டுக் குளிருக்கு. அந்தக் காரின் இஞ்சினுக்கு முன்னால், தண்ணீரைச் சுற்றி ஓடவைத்துச் சூட்டைத் தணிக்கிற ஒரு சின்ன இரும்புப் பம்பு இருக்கும். அது ஒழுகும். ஒழுகினால் இஞ்சின் கொதிக்கும். கொதித்தால் காஸ்கட் எரியும். காஸ்கட் எரிந்தால் என் சம்பளம் எரியும். வருசத்தில் இரண்டு தரம் இது நடந்தது. கலியாண வீட்டுக்குப் புறப்படும்போது என் மனைவி ஒரு கையில் நகைப்பையும் மறு கையில் தண்ணீர்க் கானுமாகத்தான் காரில் ஏறுவாள். சுன்னாகத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் பொனற்றைத் திறந்து, ஆவி பறக்க நாங்கள் நிற்காத ஒழுங்கை முகப்பு இல்லை. பஸ்ஸில் போகிறவர்கள் யன்னலால் எட்டிப் பார்த்துச் சந்தோசப்படுவார்கள். அவர்களுக்கும் ஏதாவது கிடைக்க வேண்டுமே.

அக்காவுக்கு இது வேடிக்கையல்ல. புருசன் அந்தக் காரை வாங்கி மூன்று வருசம் ஓடி, ஒரு நாள் பெற்றோல் அடிக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழும்பவில்லை. மிஞ்சியது இரண்டு பெண்பிள்ளைகளும் இந்தக் காரும். காரை விற்றுக் காசை வட்டிக்குக் கொடுக்கச் சொல்லித் தமையன்மார் புத்தி சொன்னார்களாம். "வட்டிக்கு ஆரிட்டைக் குடுக்கிறது? உங்களிட்டைத்தானே" என்று கேட்டுவிட்டு அக்கா ஒரு றைவரைப் பிடித்துக் காரைச் சந்தியில் விட்டார். அந்தக் கார் ஓடினால் வீட்டில் அடுப்பெரியும். நின்றால் இல்லை.

அதனாலோ, அல்லது பிறவியிலேயே அப்படியோ தெரியாது, அக்கா ஒருவரையும் நம்பமாட்டார். யார் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரு கேள்விதான் வரும்: "கண்ணாலை கண்டனீரோ?" கைதடியில் ரயருக்குக் காற்றுப் போய்விட்டது, அதுதான் சுணங்கிவிட்டது என்று றைவர் சொன்னால், ரயரில் ஏறின ஆணியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். ஓட்டம் போகுமுன்னும் வந்தபின்னும் பெற்றோல் தாங்கிக்குள் நீளமான ஈர்க்கு ஒன்றை விட்டு அளப்பார். கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கிற தேங்காயிலும் கரியால் ஒரு புள்ளி வைத்துக் கொடுப்பாராம், திரும்பி வருகிற பாதி தன்னுடையதுதானா என்று பார்ப்பதற்கு. ஐயர் ஒரு நாள் மனம் பொறுக்காமல் "சாமிக்கு முன்னாலையுமா, அம்மா?" என்று கேட்க, "சாமியிலை எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, ஐயா" என்றாராம்.

கராச்சில் நானும் அடிக்கடி காத்துக் கிடந்ததால் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டாயிற்று. ஒரே வருத்தம் உள்ளவர்கள் ஆஸ்பத்திரி வாங்கில் பக்கம் பக்கமாக இருந்து சிநேகிதமாவது உண்டுதானே. நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னைத் தம்பி என்றார். அப்படி ஒரு நாள் இருக்கும்போதுதான், றைவர் புதுப் பம்பு ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து அவரிடம் கொடுக்க, அக்கா வெற்றிலைப் பெட்டிக்குள்ளிருந்து விரல் அளவு இரும்பு அச்சொன்றை எடுத்துப் பம்பின் உடம்பில் வைத்து, சுத்தியலால் ஒரு அடி போட்டார். அரைவட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் விழுந்தது.

"என்ன அக்கா இது?"

"எங்கடை மாட்டுக் குறி. ஐயாவின்ரை காலத்திலையிருந்து எங்கடை வீட்டு மாடெல்லாத்துக்கும் இதைத்தான் சுடுறது. மாடு எங்கை போனாலும் ஆற்றை எண்டு தெரியும். கொல்லனிட்டைச் சொல்லிச் சின்னதாய் அடிப்பிச்சனான்."

"மாட்டை விக்கிறதெண்டால்?"

"வித்தால் குறிக்கு மேலை குறுக்காலை ஒரு கோடு சுடுவம். மனமொத்துக் குடுத்தது எண்டு அர்த்தம். அதுக்குப் பிறகு ஆரும் களவு எண்டு கதைக்கேலாது."

டைனமோ, காபரேற்றர், பிளக் என்று அந்தக் காரில் கழற்றக்கூடிய எதிலும் அரைவட்டமும் புள்ளியும் இருந்தன. நான் சிரித்தேன். வீட்டில் சொல்லிச் சிரித்தேன், கச்சேரியில் சொல்லிச் சிரித்தேன். 'சூடு வைத்த கார்' என்று ஒரு பெயரும் வைத்தேன். எனக்கு அப்போது நகைச்சுவை அதிகம்.

இரண்டு மூன்று வருசம் கழித்து இன்னொரு நாள் சிரித்தது தண்ணீருக்கு. யாழ்ப்பாணத்தில் ஒருவன் படிப்பு, உத்தியோகம், சீதனம் எல்லாவற்றிலும் தோற்றாலும் தன் கிணற்றுத் தண்ணீரில் வென்றுவிடலாம். எங்கள் வளவுக் கிணறு அப்படி. உப்புக் கரிக்காத தண்ணீர். அதைத்தான் காருக்கும் ஊற்றுகிறேன் என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"தம்பி, உங்கடை வீட்டிலை தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தலுக்குள்ளை பாத்தனீங்களோ?"

"ஏன் அக்கா?"

"அடியிலை வெள்ளையாய்ப் பொருக்குப் பிடிச்சிருக்கும். சுண்ணாம்பு. கல்லுக் கிணத்துத் தண்ணி எவ்வளவு தித்திச்சாலும் அது இருக்கும். கேத்தலுக்குள்ளை பிடிக்கிறது இஞ்சினுக்குள்ளை பிடியாதோ? நான் மழைத்தண்ணி பிடிச்சு வைச்சுத்தான் விடுறனான். என்ரை பம்பு இப்ப இரண்டரை வருசம் ஒழுகேல்லை."

இன்ஜினியரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். கேத்தலைப் பற்றிப் பெண்பிள்ளைகள் கதைக்கட்டும், காரைப் பற்றித் தான் பார்த்துக்கொள்ளுகிறேன் என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். என் கிணற்றை ஒருவர் குறை சொல்லி, அதை நான் நம்புவதா? அடுத்த மாதமே என் பம்பு ஒழுகத் தொடங்கியது.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றிருந்த காலம். வெங்காயமும் மிளகாயும் பயிர் செய்தவர்கள் நிமிர்ந்தார்கள், கார் வைத்திருந்தவர்கள் குனிந்தார்கள். யாழ்ப்பாணத்துக் கடைகளில் பம்பு கேட்டால் மருந்துக்கும் இல்லை. தேய்ந்த பம்பைக் கடைந்து, பித்தளை வைத்து, மறுபடி தேய்த்து ஒப்பேற்றுவார்கள். கிழமைக்கு ஒருமுறை ஒழுகும். நான் மூன்று மாதம் காரைக் கொட்டகைக்குள் விட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கச்சேரிக்குப் போனேன். யன்னலால் எட்டிப் பார்ப்பதற்கு வீதியில் கார்கள் குறைவாகத்தான் நின்றன.

அந்த நாளில்தான் அக்காவின் காரில் தண்ணீர் கசியாமல் தடுக்கிற சீல் ஒன்றை மாற்றுவதற்காகப் பம்பைக் கழற்றினார்கள். அன்று பிள்ளையார் கோயில் தேர். கராச் இருந்த வீதியால்தான் தேர் வரும். அக்கா வழமைபோலக் கதிரையில் இருந்தார். மேளம் கிட்ட வந்தது. எல்லோரும் கை கழுவிக்கொண்டு வெளியே ஓடினார்கள். சாமி வாசலுக்கு வரும்போது கதிரையில் இருந்துகொண்டு கும்பிட அக்காவால் முடியவில்லை. எழும்பிப் போய்க் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு வந்தார். பத்து நிமிசம். இத்தனை வருசத்தில் இஞ்சின் திறந்திருக்க அவர் கதிரையை விட்டு எழும்பியது அந்த ஒரு தடவைதான். திரும்பி வந்தபோது பம்பைப் பூட்டி முடித்திருந்தார்கள். குறி எங்கே என்று கேட்டதற்கு, அது உள்பக்கமாகப் போய்விட்டது, இனிக் கழற்றினால் சீல் பழுதாகிவிடும் என்றார்களாம்.

மூன்றாவது கிழமை அந்தப் பம்பு ஊற்றாகவே ஒழுகியது. கழற்றிப் பார்த்தால் அரைவட்டமும் இல்லை, புள்ளியும் இல்லை.

"குறி தேஞ்சு போச்சுது, அக்கா" என்றார் இன்ஜினியர்.

"இரும்பிலை அடிச்ச குறி மூண்டு கிழமையிலை தேயுமோ?"

"சூடு, அக்கா. இஞ்சின் சூடு."

சாட்சி இல்லை. அக்காவின் கார் நின்றது. சந்தியில் ஒரு கார் ஆறு மாதம் தொடர்ந்து வராவிட்டால் அதன் இடம் வேறொருவருக்குப் போய்விடும், அது அங்கே கார் விடுகிறவர்களுக்குள் இருந்த கட்டுப்பாடு. றைவர் மாதக்கணக்காய்ச் சும்மா இருக்க முடியாமல் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார். மூத்த மகளை ஏற்கெனவே கட்டிக் கொடுத்தாயிற்று. இளையவள் மேல்வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பம்பு கிடைத்தால் எல்லாம் பழையபடி ஓடும். கிடைக்காவிட்டால் எல்லாம் நிற்கும்.

மாடு தொலைந்தால் தேடுகிற முறை அக்காவுக்குத் தெரியும். அதே முறையில் பம்பைத் தேடினார். எங்கள் இனக் கார் எங்கெங்கே இருக்கிறது என்று விசாரித்து, ஒவ்வொன்றாகப் போய், பொனற்றைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கலியாண வீட்டு வாசல்களிலும் செத்தவீட்டு ஒழுங்கைகளிலும் கார்களுக்கு முன்னால் நின்றார். மானிப்பாயில் ஒரு டொக்ரர், நோயாளி என்று நினைத்து நாக்கை நீட்டச் சொன்னாராம். "எனக்கு ஒண்டுமில்லை, உங்கடை காரைக் காட்டுங்கோ" என்றாராம் அக்கா. இதையும் நான் கச்சேரியில் சொல்லிச் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் பாவமாகவும் இருந்தது. எனக்கு இரக்கம் வரலாம், ஏனென்றால் என் கார் அப்போது அழகாக ஓடிக்கொண்டிருந்தது. தேர் முடிந்து ஒரு கிழமையில் இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டு, கொழும்பில் ஒருவரிடம் சொல்லிவைத்து எடுப்பித்ததாக, வெள்ளி நிறத்தில் பளபளவென்று ஒரு பம்பைக் காட்டியிருந்தார். ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். என் கண்ணுக்கு முன்னாலேயே பூட்டினார். அதன்பின் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

வாசிக்கிற உங்களுக்கு விளங்கிவிட்டது. எனக்கு விளங்கவில்லை. கச்சேரியில் இருபது வருசம் கோப்புப் பார்த்த மூளை.

பருத்தித்துறையில் படகுகள் வைத்திருந்த ஒரு சம்மாட்டியாரிடம் எங்கள் இனக் கார் ஒன்று இருப்பதாக அக்காவுக்குத் தகவல் கிடைத்தது. பஸ்ஸில் போகப் போகிறேன் என்றார். நான் பெருந்தன்மையோடு, "சனிக்கிழமை எனக்கு லீவு, நான் கூட்டிக்கொண்டு போறன், அக்கா" என்றேன். போனோம். சம்மாட்டியார் மறுக்காமல் பொனற்றைத் திறந்தார். தன்னுடைய பம்பும் ஒழுகுகிறது, படகு இஞ்சினே இதைவிடப் பரவாயில்லை என்று எங்களோடு சேர்ந்து கம்பனியைத் திட்டினார். குறி இல்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினோம்.

வரும் வழியில் அக்கா, "உங்கடை கார் சோக்காய் ஓடுது, தம்பி" என்றார்.

"புதுப் பம்பு, அக்கா. இன்ஜினியர் கொழும்பிலையிருந்து எடுப்பிச்சுத் தந்தவர். நான் பக்கத்திலை நிக்கத்தான் பூட்டினவர்."

"எப்ப?"

"தேர் முடிஞ்ச கிழமை."

அக்கா வெளியே பனைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஊரிலுள்ள காரெல்லாம் பார்த்தவர், அதுவரை என் பொனற்றைத் திறக்கச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னை அவர் சந்தேகிக்கவே இல்லை. மருதனார்மடச் சந்தியில் சந்தைக்கு முன்னால் காரை நிறுத்தியபோதுதான், தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தம்பி, குறை நினையாதேங்கோ. உங்கடை பம்பை ஒருக்கால் பாக்கலாமோ?"

திறந்தேன். வெள்ளிப் பூச்சுச் சூட்டில் அங்கங்கே உரிந்திருந்தது. அக்கா குனிந்து, பாக்குவெட்டியின் நுனியால் மெல்லச் சுரண்டினார். பூச்சு உதிர்ந்தது. அரைவட்டம் தெரிந்தது. பிறகு புள்ளி.

சந்தை கலைகிற மத்தியான நேரம், ஆட்கள் கூடிவிட்டார்கள். யாரோ போய் இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஆறுதலாக வந்து, பம்பைப் பார்த்தார்.

"அக்கான்ரை குறிதான். ஆனால் இது நான் பூட்டினதில்லை. ஐயா எங்கை வாங்கினவரோ, எனக்கென்ன தெரியும்?"

கூட்டத்தில் நின்ற சாமான்கடை முதலாளி ஒருவர் ஞாயம் பேச முன்வந்தார். "ஐயா அரசாங்க உத்தியோகத்தர். ஆரிட்டை வாங்கினது எண்டு அவர் சொல்லட்டும். அதுதான் முடிவு."

"ஓம்" என்றார் அக்கா. "தம்பி சொல்லட்டும். தம்பி கண்ணாலை கண்டவர். அவர் சொன்னால் நான் நம்புறன்."

கூட்டத்தில் இரண்டொருவர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நம்புகிறேன் என்ற சொல்லை அக்காவின் வாயிலிருந்து அந்தச் சந்தி அதுவரை கேட்டதில்லை.

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல, மிகவும் மரியாதையாக.

"ஐயா, திங்கக்கிழமை காரைக் கொண்டுவாறீங்கள்தானே? றிங்ஸ் வந்திட்டுது."

என் இஞ்சின் ஓடினாலும் ஒரு வருசமாகப் புகை கக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிஸ்ரன் றிங்ஸுக்காக எட்டு மாதம் காத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் அப்போது அந்த இஞ்சினைத் திறந்து மூடத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். இவருடைய முகத்தை முறித்தால் என் கார் கொட்டகைக்குள், நான் பஸ்ஸில். ஒரு பக்கம் ஒரு பெண்ணின் சீவியம், மறுபக்கம் ஒரு பிடி இரும்பு வளையங்கள். யோசிக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"எனக்கு வடிவாய் ஞாபகம் இல்லை" என்றேன். "கொழும்பிலை ஆரோ ஒராளிட்டை வாங்கினதாக்கும். ஆர் பூட்டினது எண்டு... நான் காணேல்லை."

அக்கா என்னைப் பார்த்தார். இப்போதுதானே காருக்குள் சொன்னீர் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லில் அத்தனை பேருக்கு முன்னாலும் நான் பொய்யனாகியிருப்பேன், பம்பும் அவர் கைக்குப் போயிருக்கும். அவர் சொல்லவில்லை.

"தம்பி காணேல்லை எண்டால் காணேல்லைத்தான்" என்றார். "அப்ப இது களவு போகேல்லை. நான்தான் ஆருக்கோ குடுத்திருப்பன்."

பக்கத்தில் சைக்கிள் திருத்துகிற கடையில் ஒரு உளியும் சுத்தியலும் இரவல் வாங்கினார். குனிந்து, உளியைக் குறியின் மேல் குறுக்காக வைத்து, இரண்டு அடி அடித்தார். கோடு நேராக விழுந்தது. உளியைத் திருப்பிக் கொடுத்தார்.

"இனி இதுக்கும் எனக்கும் ஒண்டுமில்லை. கொண்டுபோங்கோ."

பின் சீற்றில் கிடந்த குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து போனார். நான் ஏற்றிக்கொண்டு போய் விடட்டுமா என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை காரைக் கொண்டுபோனேன். இன்ஜினியருக்கு அன்று நேரமில்லை. அடுத்த கிழமையும் இல்லை. அதற்கு அடுத்த மாதம் கராச்சைப் பூட்டிக்கொண்டு அரபு நாட்டுக்குப் போய்விட்டார், நல்ல சம்பளமாம். றிங்ஸையும் கொண்டு போனாரோ, யாருக்கும் விற்றாரோ தெரியாது. கொஞ்சக் காலத்தில் அரசாங்கம் மாறி, கடைகளில் எல்லாச் சாமானும் வந்து குவிந்தது. பம்புகளும் றிங்ஸும் வரிசை வரிசையாகத் தொங்கின. நான் என் மானத்தை எதற்காக விற்றேனோ, அதைக் கடைக்காரன் பேப்பரில் சுற்றிக் கையில் தந்தான்.

புதுப் பம்பு ஒன்றும் வாங்கிக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். அதற்குள் அவருடைய கார் போய்விட்டது. நிறைக்கு இரும்பாகக் கொடுத்துவிட்டார். இளையவள் படிப்பை விட்டுவிட்டுத் தாயோடு தோட்டத்தில் வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அக்கா வரப்பில் ஏறிவந்து பொதியைப் பிரித்துப் பார்த்தார்.

"இது எதுக்குத் தம்பி? கார் இல்லையே."

"அக்கா, அண்டைக்குச் சந்தியிலை நான்..."

"உங்கடை கார் ஓடுதோ?"

"ஓடுது, அக்கா."

"பம்பு?"

"ஒழுகேல்லை."

"மழைத்தண்ணி விடுங்கோ" என்றார். பம்பை என் கையில் திருப்பித் தந்துவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினார். அதன் பிறகு எங்கே கண்டாலும் இந்த இரண்டு கேள்விதான். கார் ஓடுதோ? பம்பு? குத்திக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். குரலில் குத்தல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமலிருந்தது. மன்னிப்புக் கேட்கிற இடத்துக்கு என்னை அவர் ஒருநாளும் வர விடவில்லை.

மழைத்தண்ணீர் பிடித்து வைத்து விட்டேன், என் கிணற்றை மறந்து. டைனமோ போயிற்று, கிளச் போயிற்று, இரண்டு தரம் இஞ்சினையே இறக்கினார்கள். எத்தனையோ நாள் அந்தப் பம்பு ஒழுகாதா, கழற்றி எறிய ஒரு சாட்டுக் கிடைக்காதா என்று பார்த்திருந்தேன். அது ஒழுகவில்லை. அந்தக் காரில் என்னை ஏமாற்றாத சாமான் அது ஒன்றுதான்.

போன மாதம் அக்கா காலமானார். செத்தவீட்டுக்குச் சைக்கிளில் போய் வந்தேன். அந்தக் காரை அந்த ஒழுங்கைக்குள் கொண்டுபோக மனம் வரவில்லை. அதற்கு அடுத்த கிழமையே காரை விற்கப் போட்டேன்.

வாங்க வந்தவர் சாவகச்சேரிப் பக்கத்து மனிசர், கூடவே ஒரு மெக்கானிக்கையும் கூட்டிவந்தார். மெக்கானிக் பொனற்றுக்குள் தலையை விட்டு, ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டே வந்தவர் பம்பில் வந்து நின்றார்.

"பம்பு மட்டும் சோக்காய்க் கிடக்குது. பழைய காலத்துச் சாமான். இதிலை என்னவோ குறியும் கோடும் கிடக்குது. ஆர் அண்ணை பூட்டினது?"

"இன்ஜினியர் எண்டு ஒருத்தர். சந்திக்குப் பக்கத்திலை கராச் வைச்சிருந்தவர்" என்றேன். "பூட்டினதை நான் கண்ணாலை கண்டனான்."

மெக்கானிக் சரி என்று தலையாட்டிவிட்டு, பொனற்றை இறக்கிப் பூட்டினார்.